தாமரையின் கால்கள்

'காஞ்சிவரம்' படத்தை இரண்டாம் முறை பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது, டி.வி.யில் கடைசி அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. காபி வருகிற வரைக்கும் என்று உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

முடிவு தெரிந்ததுதான். ஜெயிலிலிருந்து இரண்டு நாள் பரோலில் வருகிறார் நெசவாளி வேங்கடம். கிணற்றில் விழுந்து முடங்கிப்போன மகள் தாமரை. தாய் இல்லை, பார்த்துக்கொள்ள உறவும் தயாரில்லை. சோற்றில் விஷம் வைக்கிறார். ரகசியமாய் நெய்து, பாதியில் நின்றுபோன பட்டைக் கொண்டுவந்து மகளின் உடலை மூடுகிறார். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த இடம். 2007-க்கான சிறந்த படமும் இதுதான்.

வீட்டுக்காரம்மா தறியடியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணை ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வெச்சாங்களா சார்?"

எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. முடங்கியவரை அடிக்கடி திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும், புண் ஆளைக் கொல்லும். அந்தம்மாவின் மகனுக்கு ஆறு வயது. மூளை பாதிப்பில் வலது கை மடங்கி, இறுகியிருக்கிறது. தெரபி வாசல்களில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்ட கேள்வி அது.

ப்ரியதர்ஷன் பக்கமும் நியாயம் உண்டு. கதை 1948-ல் முடிகிறது. ஊருக்கே பட்டு நெய்தவன் மகளுக்கு ஒரு முழுப் புடவை இல்லை என்ற அந்த முரண் பொய்யில்லை. ஆனால் அந்த முரணுக்காகத்தான் தாமரை சாகிறாள். அவளுடைய முடக்கம் அவளுடையதாக இல்லை. அப்பாவின் சோகத்துக்குத் தேவைப்பட்ட ஒரு சாமான்.

'அந்தக் காலத்தில் வேறு என்ன வழி?' என்பீர்கள். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் வேலூர். 1954-ல், சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் அதற்கென்றே தனி மையம் திறந்தது. தாமரையின் சாவுக்கும் இதற்கும் நடுவே பதினெட்டு வருஷங்கள்தான்.

சரி, 1948-ஐ மன்னிப்போம். 2019-ல் வெளியான 'பேரன்பு'? ராம் பல மடங்கு நுட்பமானவர். மூளை முடக்குவாதம் உள்ள பாப்பாவுக்கு உடம்பும் ஆசையும் உண்டு என்று சொன்ன துணிச்சல் தமிழில் புதிது. சாதனாவின் மடங்கிய மணிக்கட்டு பாவனையாகவே தெரியாது. அங்கேயும் கடைசியில் அப்பா மகளோடு கடலுக்குள் இறங்குகிறார். யாரோ வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எழுபது வருஷத்தில் விஷம் கடலாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குக் குறை வேறொன்று. இந்த வீடுகளில் அன்பு பெரும்பாலும் எண்ணிக்கை வடிவில் இருக்கிறது. இருபது தடவை எடு, இருபது தடவை வை. ஹீரோவை ஒரே பாட்டில் குத்துச்சண்டை வீரனாக்கத் தெரிந்த சினிமாவுக்கு, ஒரு குழந்தை ஸ்பூனை வாய்வரை கொண்டுபோக ஆறு மாதம் போராடுவதற்கு ஒரு சரணம்கூட ஒதுக்க மனசில்லை.

அந்த இடத்தை வேறு ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். 'இருபத்தோரு நாள் தீவிரப் பயிற்சி, கை முழுசா சரியாயிடும்' என்று ஓரிடத்தில் சொல்ல, இவர்கள் நகையை வைத்துப் போயிருக்கிறார்கள். கதவுக்கு உள்ளே இழுப்பதும் நீவுவதுமாக இருந்ததாம். பையன் அழ, அப்பா வெளியே பெஞ்சில். திரும்பி வந்தபோது கை பழைய கைதான். நகை வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-ல் இந்தச் சிகிச்சைகளையெல்லாம் அலசி, டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டியது. யாரோ பிடித்து நீட்டிவிடுவதற்குப் பெரிய பலன் இல்லை. குழந்தை தானே, தனக்கு வேண்டிய ஒரு காரியத்துக்காக, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 'தீவிரம்' என்பது குழந்தையின் முயற்சியில், பில்லில் அல்ல.

இப்போது உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி நடக்கிறது. பையனின் நல்ல கையில், அதாவது இடது கையில், தினமும் கொஞ்ச நேரம் ஒரு சாக்ஸை மாட்டிவிடுகிறார்கள். இறுகிய கையால் கூடையிலிருந்து காலித் தார்களை எடுத்து அம்மாவிடம் கொடுப்பது விளையாட்டு. (குழந்தைத் தொழிலாளர் என்று யாரும் பெட்டிஷன் போட்டுவிட வேண்டாம். கொடுத்த தாரெல்லாம் மறுபடி கூடைக்கே போகிறது!)

நான் பி.காம்., புத்தி கணக்கில்தான் போகும். கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் தவிர, ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். இங்கே அது மனைவி. அவர் பையனைத் தூக்கிக்கொண்டு தெரபிக்குப் போனால் தறியே நிற்கும். ஜரிகையைக் கிராம் கணக்கில் நிறுப்பவர்கள் இந்த மணி நேரங்களை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள்?

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது: பயிற்சி பெற்ற ஊழியர் குழந்தையின் வீட்டுக்கே போகிறார். 1981-ல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கர ராமன் தசைச் சிதைவு நோய் உள்ளவர். ஆடிட்டர் வேறு! இவர்கள் வாழ்க்கையில் படத்துக்குக் கதை இல்லையா என்ன?

படம் முடிந்து விளம்பரம் வந்தது. பட்டுப் புடவை விளம்பரம்தான், வேறென்ன. பையனுக்குக் கார்ட்டூன் பார்க்க வேண்டும். இடது கையில் சாக்ஸ். வலது கையை ரிமோட்டிடம் கொண்டுபோனான். நழுவியது. மறுபடி. அப்பா எடுத்துக் கொடுக்கக் குனிந்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்தம்மா, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காபி ஆறிப்போயிருந்தது. நாலாவது தடவையோ, ஐந்தாவது தடவையோ, சோட்டா பீம் வந்தான்.