செம்பை மட்டும் பார்த்தா போதுமா?

ஒத்தக்கடையில கேபிள் வாங்கப் போனா முதல் கேள்வி, "சுத்தச் செம்பா?" வீட்டு ஒயரிங்குக்குச் சரியான கேள்விதான். டிவி சிக்னல் கொண்டுபோற ஆர்ஜி-6 கேபிளுக்கு அது பத்தாது.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். அதனால்தான் எஃகுக் கம்பிமேல் செம்பு போர்த்திய ஆர்ஜி-6 கேபிளும் நன்றாக வேலை செய்கிறது. சிக்னலின் ஆற்றல் பயணிப்பது நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையிலுள்ள வெள்ளை பிளாஸ்டிக் வழியாக. கெட்டி பாலிஎத்திலீன் என்றால் ஒளிவேகத்தில் சுமார் 66 சதவீதம். காற்றுக்குமிழி கலந்த நுரை என்றால் 80 சதவீதத்துக்கு மேல், இழப்பும் குறைவு.

ஆனா நுரை நசுங்கும். கேபிளை இறுக்கி மடக்கி கிளிப் அடிச்சா, அந்த இடத்தில் 75 ஓம் மாறி, சிக்னலில் ஒரு பகுதி திரும்பிவிடும். மொட்டைமாடியில் உறை கிழிஞ்சா ஐப்பசி மழை உள்ளே இறங்கும். பாலிஎத்திலீனின் மின்காப்பு மாறிலி சுமார் 2.3, தண்ணீருக்கோ 80. அப்புறம் படம் கட்டம் கட்டமா உடையத்தான் செய்யும்.

பெட்டியில் செம்பைப் பெரிசா அச்சடிக்கிறவங்க, 100 மீட்டருக்கு எத்தனை டெசிபெல் இழப்புன்னும் அதே அளவு எழுத்தில் போடணும். நாம கடையில கேக்க வேண்டியதும் அதைத்தான்.