ஆய்வேடும் அவையும்

தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பட்டு அரங்கேறியது எனப் பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம் கூறும். நூல் செய்தான் கடமை எழுதியதோடு முடிவதன்று. வினவுவார்முன் நின்று விடையிறுத்தலும் அக்கடமையின் பாற்படும் என்பது இதனாற் பெறப்படும். முனைவர்ப் பட்ட வாய்மொழித் தேர்வின் நோக்கமும் இதுவே. இற்றை விதிகள் இந்நோக்கத்தை எத்துணை நிறைவேற்றுகின்றன என்பது ஆராயத்தக்கது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஆய்வேட்டினை நெறியாளரும் புறத்தேர்வாளர் இருவரேனும் மதிப்பிடல் வேண்டும். புறத்தேர்வாளர் இருவரும் ஏற்றுக்கொண்ட பின்னரே வாய்மொழித் தேர்வு நிகழும். அத்தேர்வு ஆசிரியர், ஆய்வாளர், மாணவர் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். ஏடு அளித்த 6 திங்களுக்குள் இவையெல்லாம் நிறைவுறல் வேண்டும்.

ஏடு அளிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவருதலை 2016ஆம் ஆண்டு விதிகள் கட்டாயமாக்கியிருந்தன. 2022ஆம் ஆண்டு விதிகள் அதனை நீக்கின. பொருள் பெற்றுக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்கள் மலிந்த நிலையில் இந்நீக்கம் இழப்பன்று. ஆயினும், இதழாசிரியர் ஆய்ந்து வந்த பொறுப்பும் இப்பொழுது தேர்வவையின்மேல் வந்து சேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

கருத்துத் திருட்டைக் கணிப்பொறி காணும் என்று அமைதல் பொருந்தாது. 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டம் விதிப்பதில்லை. கணிப்பொறி ஒப்பிடுவது சொல்லை, பொருளையன்று. நச்சினார்க்கினியர் கண்ட பொருளைத் தான் கண்டதாக ஒருவன் புதுச்சொற்களால் எழுதுவானாயின், அதனை அறிதற்கு அவ்வுரையைக் கற்றவர் ஒருவர் அவையில் வேண்டும்; அவர் அவ்வேட்டை முன்னரே படித்திருத்தலும் வேண்டும்.

குறை இவ்விடத்தேதான் உள்ளது. அவையைத் திறந்த விதி ஏட்டைத் திறக்கவில்லை. ஏட்டின் மின்படி பொதுக் களஞ்சியத்திற்குச் செல்வது மதிப்பீடு முடிந்த பின்னரே. ஆதலின், அவைக்கு வருவோர் அன்று சொல்லப்படும் சுருக்கத்தை மட்டும் கேட்டு வினவ நேர்கின்றது. படியாதார் வினவும் வினா பாராட்டாகவோ சடங்காகவோ முடிதல் இயல்பு. சுவீடன் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலோ பொதுவாதத்திற்குச் சில வாரங்கட்கு முன்னரே ஏட்டினை வெளிப்படுத்துவர். அதனை ஆணியால் அறைந்து அறிவிக்கும் மரபும் அங்கு உண்டு.

முன்னரே வெளியிடின் பிறர் கருத்தைக் கவர்வர் எனச் சிலர் அஞ்சலாம். நாளிட்டு நூலகத்தில் வைத்த ஏடே முதன்மைக்குச் சான்றாகும் ஆதலின் அவ்வச்சம் வேண்டா. தேர்விற்கு 30 நாள் முன்னதாகத் துறை நூலகத்தில் ஏட்டினை வைத்தலும், அவையில் நிகழ்ந்த வினாவிடையை எழுதி ஏட்டின் இறுதியிற் சேர்த்தலும் எந்தத் துறைக்கும் அரியன அல்ல. விதிகளும் இவற்றைத் தடுக்கவில்லை. பட்டம் பெறுவார்க்கு இதனால் இடர் சிறிது மிகலாம். பட்டத்தின் மதிப்போ பெரிதும் உயரும்.