அச்சிட்ட சாயலும் தேவசாயலும்

இளம்பெண்கள் தம் உடலை வெறுத்து உணவை மறுக்கும் நிலையை மேலைநாட்டு நோய் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். உருவப்படங்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பிய சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்திலிருந்து நோக்கின் இக்கருத்து நிலைபெறாது.

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் இங்கு அத்தொழிலை நிறுவினர். தீப்பெட்டி லேபிளின் தேவையால் அச்சுத்தொழில் வளர்ந்தது, நாட்காட்டியும் பெருகிற்று. கோவில்பட்டியில் சி. கொண்டையா ராஜுவும் (1898-1976) அவர்தம் மாணவரும் தீட்டிய திருமகளும் கலைமகளும் சிவகாசி அச்சகங்களின் வழியே வீடுதோறும் சென்றனர்.

அப்படங்களின் பெண் வடிவம் நிறைந்த கன்னமும் திரண்ட தோளும் உடையது. மெலிவு வறுமையின் அடையாளமாயிருந்த சமுதாயத்தில் அந்நிறைவே மங்கலம். ஆயினும் அவற்றைக் குறையற்றவை எனல் தகாது. வெளிறிய மேனியையே அழகெனக் கண்ணுக்குப் பழக்கியவை அவை; தீப்பெட்டி ஆலையில் உழைக்கும் கரிய பெண்ணின் முகத்திற்கு அங்கு இடமில்லை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு அப்பழக்கத்தை விலைப்பொருளாக்கியது. அதன் பெயர் 2020இல் மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

எனினும் நாட்காட்டிக்கும் கைபேசிக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. சுவரில் தொங்கிய திருமகள், தன்னோடு ஒப்பிட்டுக்கொள்ளுமாறு எவளையும் அழைக்கவில்லை. 2010இல் தோன்றிய இன்ஸ்டாகிராமோ தோழியின் திருத்தப்பட்ட முகத்தையும், தன் முகத்தையே திருத்திய வடிவத்தையும் காட்டுகிறது. கண் எதில் தங்கியதோ அதனையொத்தவற்றையே மேன்மேலும் தருகிறது. உடலைக் குறித்து வருந்தும் சிறுமியருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அவ்வருத்தம் இத்தளத்தால் மிகுந்ததென அந்நிறுவனத்தின் உள்ளாய்வே கண்டிருந்தமை 2021இல் வெளிப்பட்டது.

நிறைந்த உடலைப் போற்றும் மரபு நம்மைக் காக்கும் எனவும் இருந்துவிட இயலாது. அத்தகைய மரபுடைய ஃபிஜித் தீவில் தொலைக்காட்சி நுழைந்த 1995இல், ஆன் பெக்கர் ஆய்ந்த பள்ளிச் சிறுமியருள் எடை குறைக்க வாந்தியெடுத்தவர் எவருமிலர், 1998இல் 11.3 விழுக்காட்டினர் அவ்வாறு செய்தனர். சிறுவர், இளையோரின் உணவுக் கோளாறுகள் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் 2007இல் எழுதியுள்ளனர்.

திருச்சபையின் மறுமொழி யாது? அலங்காரத்தைக் கண்டிக்கும் பிரசங்கமே எளிதில் கைவருகிறது. அது நோயை வீண்பெருமை எனப் பிழைபட உணர்வதோடு, பெண்ணின் உடலை மீண்டும் பிறர் பார்வையின் தீர்ப்புக்கு உட்படுத்துகிறது; கைபேசி செய்வதையே பிரசங்க பீடமும் செய்கிறது. அன்றியும் லெந்துகால உபவாசத்தின் மறைவில் இந்நோய் வளரக்கூடும். கடும் உண்ணாநோன்பால் மெலிந்து 1380இல் 33 வயதில் மறைந்த சியன்னா நகரக் கத்தரீனாளின் வாழ்வைப் புகழ்வோர் இதனையும் எண்ணுதல் நன்று.

தேவசாயல் என்பது முகத்தின் வடிவன்று. இறைவனோடும் அயலாரோடும் உறவுக்கு அழைக்கப்பட்ட நிலை. அதற்கு அளவுகோல் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். இல்லாமையால் உண்ணாதவளும் அச்சத்தால் உண்ணாதவளும் ஒரே ஆலயத்தில் அமர்ந்திருத்தல் கூடும். இருவரையும் உண்ண அழைக்கும் திருவிருந்து நம்மிடம் உண்டு. ஆதலின் உபவாசத்தை அறிவிக்கும் ஆயர், எவர் உபவாசிக்கலாகாது என்பதையும் உடன் அறிவிக்க வேண்டும். மெலிந்துவரும் மகளைக் கடிந்துகொள்ளாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் பெற்றோருக்குக் கற்பிக்கவும் வேண்டும்.