சக்கரத்தின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீர்

பிரான்சின் 75 மில்லிமீட்டர் பீரங்கியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதன் சக்கரத்தின் மேல் தளும்பத் தளும்பத் தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சுட்டாலும் ஒரு சொட்டுச் சிந்தாதாம். மிகை கலந்திருக்கலாம். ஆனால் ‘1897 மாதிரி’ என்று பெயர்பெற்ற அந்தப் பீரங்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் கதையை நம்பத்தான் எனக்குப் பிடிக்கிறது.

குண்டு முன்னால் பாய்ந்தால் பீரங்கி பின்னால் வந்தே தீரும். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டின் அடியைத் தள்ளும் அதே வலுவோடு குழலின் பின்மூடியையும் தள்ளுகிறது. வெளிக்காற்றில் மோதுவதால் உதைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. காற்றே இல்லாத வெளியிலும் அது உதைக்கும். சுமார் 7 கிலோ குண்டு விநாடிக்கு 500 மீட்டருக்கு மேலான வேகத்தில் கிளம்புகிறது. 460 கிலோ குழல் அதே உந்தத்தை எதிர்த்திசையில் ஏற்று, விநாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. இந்தக் கணக்கை எந்தக் கொல்லனாலும் மாற்ற முடியாது.

பழைய பீரங்கிகளில் குழலும் வண்டியும் இறுகப் பிணைந்திருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் வண்டியே பின்னால் ஓடும். வீரர்கள் தோள்கொடுத்து அதைப் பழைய இடத்துக்குத் தள்ளி, முதலிலிருந்து குறிபார்க்க வேண்டும்.

75-ஐச் செய்தவர்கள் உதையைத் தடுக்கப் பார்க்கவில்லை. அதற்கு அவகாசம் கொடுத்தார்கள். குண்டு குழலுக்குள் இருப்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் குழலைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் பல பத்து டன் விசை தேவை. அதே குழலை ஒரு மீட்டருக்குச் சற்று மேல் சறுக்கவிட்டுச் சிறுகச் சிறுக நிறுத்தினால், ஒரு டன்னை ஒட்டிய விசையே போதும். வண்டியின் எடையும், மண்ணில் ஊன்றிய வாலும் அதைத் தாங்கிக்கொள்ளும்.

சறுக்கலுக்கான ஏற்பாடுதான் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைவேலை. குழலுக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு உருளைகள். குழல் பின்வாங்கும்போது மேல் உருளையின் உந்துதண்டு எண்ணெயைக் கீழ் உருளைக்குத் தள்ளுகிறது. குறுகிய வழியில் நெருக்கிக்கொண்டு போகையில் எண்ணெய் சூடாகிறது. உதையின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த வெப்பத்திலேயே கரைந்துபோகிறது. மிச்சம், கீழே அடைபட்டிருக்கும் காற்றை அமுக்குகிறது. குழல் நின்றதும் அந்தக் காற்று விரிந்து, எண்ணெயைத் திருப்பித் தள்ளி, குழலை மெல்லப் பழைய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. தன்னை உதைத்த விசையிலிருந்தே திரும்பிவரவும் கொஞ்சம் எடுத்துவைத்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க வியப்பு தீர்வதில்லை. எண்ணெயும் காற்றும் கலக்காதபடி நடுவில் ஓடும் அடைப்பானைக் கசிவில்லாமல் செய்ததுதான் ஆகக் கடினமான வேலை. பிரான்ஸ் அதைப் பல்லாண்டுகள் மூடிமூடிக் காத்தது.

பயிற்சி பெற்ற குழு நிமிடத்துக்கு 15 குண்டுகள் சுட்டது. சுடும்போதே இருவர் வண்டியிலிருந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். 1914-இல் மார்ன் நதிப் போர்க்களத்தில் இந்த வேகம் எத்தனையோ உயிர்களைக் குடித்தது. அதை மறந்துவிட்டு இந்த இயந்திரத்தை என்னால் ரசிக்க முடியாது.

உதைதாங்கி அந்நாளில் எவ்வளவு பெரிய ரகசியம் என்பதற்கு ஒரு சாட்சி: 1894-இல் பிரெஞ்சுப் படையின் யூத அதிகாரி டிரேஃபஸ் எழுதியதாகப் பொய்யாகச் சுமத்தப்பட்ட, உளவு சொல்லும் துண்டுக் கடிதத்தில் முதலில் குறித்திருந்தது, 120 மில்லிமீட்டர் பீரங்கியின் எண்ணெய்த் தடுப்பைப் பற்றித்தான்.

இன்றைய பீரங்கிகளும் எண்ணெயையும் அமுக்கிய வாயுவையும் நம்பித்தான் சுடுகின்றன. குடியரசு நாளில் 21 முறை பீரங்கி முழங்கும்போது குழலைக் கவனியுங்கள். சத்தம் காதைப் பிளக்கும். குழலோ அவ்வளவாகப் பின்வாங்காது. அந்தத் தோட்டாக்களில் குண்டு கிடையாது.