வங்குரோத்தும் சீட்டு நாணயமும்

'அரசியல் வங்குரோத்து', 'சித்தாந்த வங்குரோத்து' என்று புகலிடச் சஞ்சிகைகளில் நாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறோம். கையில் காசில்லாமல் வருகிற அசல் வங்குரோத்தைப் பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுதினால் மானம் போய்விடுமாம்!

மியூனிக்கில் ஒரு நண்பருக்கு மொழிபெயர்க்கக் கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போயிருந்தேன். வீடு வாங்கி, வேலை போய், ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்துக்கொண்டிருந்தவர். கடன் கொடுத்தோர் பட்டியலில் வங்கி வந்தது, கடனட்டை வந்தது, தொலைபேசிக் கம்பனியும் வந்தது. எடுத்துச் செலவழித்த சீட்டு மட்டும் வரவில்லை. "அது எங்கட ஆக்களின்ர காசு அண்ணை, இதுக்குள்ள எப்பிடிப் போடுறது?" என்றார். அவருக்கு அது கடனல்ல, நாணயம். இந்த நாணயத்தைத்தான் விமர்சிக்க விரும்புகிறேன். (அவரையல்ல. ஒரு காலத்தில் நானும் இதையே சொல்லியிருப்பேன்.)

1877ஆம் ஆண்டின் பழைய ஜேர்மன் வங்குரோத்துச் சட்டத்தில் தனிமனிதருக்கு மீட்சி இருக்கவில்லை. மிச்சக்கடன் தொடரும், தீர்ப்புப் பெற்ற கடனுக்கு ஆயுள் 30 வருடம். 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் மீட்சியைத் தந்தது. அப்போது ஏழு வருடம், 2001இல் ஆறு, 2020 ஒக்ரோபரிலிருந்து விண்ணப்பிப்போருக்கு மூன்று. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது கேட்பதில்லை. முதலில் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் தேடி, அது சரிவரவில்லை என்று ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ சான்று பெறவேண்டும். அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றி எமக்குள்ள மயக்கம் இன்னும் பெரியது. வங்குரோத்துக் கொடுத்தால் குடியிருக்கும் வீடு தப்பும் என்கிறார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படியொரு பாதுகாப்பு உண்டு, இங்கே இல்லை. ஏல அறிவித்தல் வந்து இரண்டு வாரத்துக்குள் கேட்டால், நிலைமை சீராகும் வாய்ப்பிருந்தால், ஆறு மாதம்வரை நீதிமன்றம் ஏலத்தை நிறுத்திவைக்கலாம். நண்பர் அந்த மஞ்சள் கடித உறையைத் திறக்கவேயில்லை. முதல் ஏலத்தில் மதிப்பின் பாதிக்குக் குறைந்த கேள்வியை நீதிமன்றமே நிராகரிக்கும். அப்படி நிராகரித்தால் அடுத்த தவணையில் அந்த வரம்பும் இல்லை.

சீட்டுக்கு வருவோம். பட்டியலில் அதை வேண்டுமென்று மறைத்தால், கடன் கொடுத்த ஒருவர் கேட்டாலே மீட்சி மறுக்கப்படலாம். அந்த மூன்று வருடத்துக்குள் சீட்டுக்கு மட்டும் இரகசியமாகக் கட்டினாலும் அதே ஆபத்துத்தான். எமது நாணயம் சட்டத்தின் கண்ணில் மோசடி! மறைப்பதால் சீட்டுத் தாச்சிக்கும் இலாபமில்லை; பட்டியலில் இல்லாத கடனையும் பின்னர் சட்டப்படி வசூலிக்க முடியாது. பிணை நின்ற மைத்துனரை மட்டும் வங்கி விடாது.

சட்டத்திலும் எனக்குக் கோபமுண்டு. நண்பரின் தாச்சி துப்புரவு வேலை செய்கிற ஒரு அக்கா. அவர் கையிலிருந்து போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டும். அவரையும் வங்கியையும் ஒரே தராசில் வைப்பதைச் சமத்துவம் என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. மீட்சி கிடைத்தபின் தானாக விரும்பிக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. இதை நண்பருக்குச் சொன்னேன். கனநேரம் பேசாமலிருந்தார். பிறகு பேனாவை எடுத்துப் பட்டியலின் அடியில் அக்காவின் பெயரை எழுதினார். "கடிதம் போகமுதல் நானே அவவுக்குச் சொல்லவேணும்" என்று வெளியே போய்த் தொலைபேசியை எடுத்தார்.