வயலின் மேதைகளும் ரசிகரின் தராசும்

மேனாட்டுச் செவ்வியல் இசையில் தோய்ந்த ரசிகர் பலர், தாம் போற்றும் வயலின் மேதைகளைத் தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கவே விரும்புகின்றனர். ஜாஷா ஹைஃபெட்ஸ் பெரியவரா, டேவிட் ஓய்ஸ்ட்ராக் பெரியவரா என்பது அவர்களிடையே ஓயாத வழக்கு. 1917இல், பதினாறாம் வயதில், நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அரங்கேறிய ஹைஃபெட்ஸின் பிசிறற்ற வேகத்தை நாமும் வியக்கிறோம். ஆயினும் வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு ஓய்ஸ்ட்ராக்கின் பெருமை எட்டாது என்பதே நம் கருத்து.

ஷொஸ்டகோவிச் 1948இல் எழுதி முடித்த முதல் வயலின் கான்செர்டோவை நோக்குவோம். அவ்வாண்டில் அவர் சோவியத் கட்சியின் கண்டனத்துக்கு ஆளானார். ஏழாண்டுகள் அப்படைப்பு வெளிவராமல் கிடந்தது. 1955இல் லெனின்கிராடில் அதை அரங்கேற்றியவர், அது யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டதோ அந்த ஓய்ஸ்ட்ராக்கே.

அதன் மூன்றாம் பகுதி முடியும் இடத்தில் இசைக்குழு ஓய்ந்துவிட, வயலின் தன்னந்தனியே நெடுநேரம் பேசுகிறது. முணுமுணுப்பாகத் தொடங்கிக் கதறலாக வளர்கிறது. உடனே நான்காம் பகுதியையும் வயலினே தொடங்குமாறு முதலில் எழுதப்பட்டிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கவேனும் சற்று அவகாசம் வேண்டுமென்று ஓய்ஸ்ட்ராக் கேட்டார். ஷொஸ்டகோவிச்சும் அத்தொடக்கத்தை இசைக்குழுவிடம் மாற்றித் தந்தார்.

தம் களைப்பை மறைக்காத இக்கலைஞரின் வில், வாயடைக்கப்பட்டிருந்த ஒருவரின் உள்ளத்துக்கு நாவாக அமைந்தது. அங்கே வேகமும் உண்டு. அது துயரத்தின் பின்னே நடந்து வருகிறது. மேதைகளை எடை போட விழைவோர் அத்தனி வாசிப்பை ஒருமுறை முழுமையாகக் கேட்ட பின்னர்த் தராசை எடுக்கட்டும்.