செத்த காலேஜில் கண்ணகி

எங்கள் ஊர் கீரனூர். சொன்னவுடன் "புதுக்கோட்டைப் பக்கமா?" என்றுதான் சென்னையில் கேட்பார்கள். இல்லை, பழனிக்குப் பக்கத்திலிருக்கும் கீரனூர், திண்டுக்கல் மாவட்டம். அங்கிருந்து 2004 கோடை விடுமுறையில் மகளிர் குழுப் பெண்கள் பதினெட்டுப் பேர் ஒரு வேன் பிடித்துச் சென்னையைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள். மாதம் ஐம்பது ரூபாயாக ஒரு வருடம் சேர்த்த பணம். பெரும்பாலானவர்கள் சித்தாள் வேலைக்கும் வெங்காயக் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். என் அம்மாவும் அப்படித்தான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் அம்மா மடியில் பாதி, சீட்டில் பாதியாக உட்கார்ந்து போனேன்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் டிரைவர் அண்ணன் கையில் இருந்தது. வண்டலூர், மெரினா, தலைவர்கள் சமாதி, எழும்பூர் மியூசியம், கடைசியாகத் தி.நகர். அந்தப் பட்டியலை யார் போட்டார்கள் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. வழியில் தண்ணீர் குடிப்பதைத்தான் எல்லோரும் குறைத்துக்கொண்டார்கள். வண்டி எங்கே நிற்கும், நிற்கிற இடத்தில் கழிப்பறை இருக்குமா என்று தெரியாதபோது பெண்கள் செய்கிற முதல் ஏற்பாடு அதுதான். சுற்றுலாக் கையேடுகள் எதிலும் இந்தத் தாகத்துக்கு இடமில்லை.

இருபது வருடங்களுக்குப் பிறகு அந்தப் பயணத்தை நினைத்துப் பார்க்கிறேன். இடையில் சென்னையில் படித்தேன், வேலை பார்த்தேன், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எத்தனையோ முறை போனேன். ஒரு தலைநகரம் தன்னைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு எதைக் காட்டுகிறது என்பது, அது யாரை மனிதர்களாக எண்ணுகிறது என்பதற்கான சான்று. அந்தச் சான்றை ஒரு பெண்ணாக வாசித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சென்னையின் பழைய ஆட்கள் அருங்காட்சியகத்துக்கு வைத்த பெயர் செத்த காலேஜ். உயிரியல் பூங்காவுக்கு உயிர் காலேஜ். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவைதான். அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் பழமையானது. 1855இல் அதன் வளாகத்திலேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார்கள். மக்கள் வைத்த அந்தப் பெயரில் கேலி மட்டுமில்லை, கூர்மையும் இருக்கிறது. உயிரோடு புழங்கிய ஒன்றை அதன் இடத்திலிருந்து எடுத்து, எண் போட்டு, கண்ணாடிக்குள் வைத்தால் அது என்னவாகிறது என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா இதை வேறு விதமாகச் சொன்னாள். வெண்கலப் படிமங்கள் இருக்கும் கூடத்தில் ஒரு பார்வதியின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம், "ஏங்கண்ணு, அம்மனுக்கு ஒரு சேலகூடக் கட்டாம நிக்க வெச்சிருக்காங்க" என்றாள். அதில் வெட்கமோ அதிர்ச்சியோ இல்லை, கவலைதான் இருந்தது. உற்சவ மூர்த்தி என்றால் குளிப்பாட்டி, உடுத்தி, பூச்சூட்டி, தூக்கிக்கொண்டு தெருவில் வரும் தெய்வம். அம்மாவுக்கு அவள் கவனிக்கப்பட வேண்டிய ஒருத்தி. அருங்காட்சியகத்துக்கு அவள் ஒரு வடிவம். நூற்றாண்டு, உலோகம், கிடைத்த ஊர், உயரம். இடையின் வளைவையும் நிற்கும் ஒயிலையும் புகழ்ந்து எழுதப்பட்ட கலை வரலாற்றுப் பக்கங்களைப் பின்னால் கல்லூரியில் படித்தபோதெல்லாம் அம்மாவின் கவலைதான் நினைவுக்கு வந்தது.

உடலை அளப்பது இந்த வளாகத்துக்குப் புதிதும் இல்லை. 1885 முதல் 1908 வரை இதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்' நூலுக்குப் பின்னால் இந்த அளவுகளும் உண்டு. அளப்பவருக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது. அளக்கப்பட்டவர்களுக்குச் சாதிப் பெயர் மட்டும் மிஞ்சியது.

பெண் உருவங்களுக்குக் குறைவில்லாத இடம் அருங்காட்சியகம். யட்சி, தாய்த்தெய்வம், கொற்றவை, பார்வதி. குறைவது பெண்ணின் பெயரும் கையும். சோழர் வெண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் அந்தக் கலை தழைத்ததற்கு முக்கியக் காரணமானவர்களில் ஒருவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்தரின் மனைவி, உத்தம சோழனின் தாய். கணவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர், படிமங்கள் செய்வித்தவர். கைம்பெண்ணை மூலையில் உட்கார வைத்த சமூகம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வரலாற்றுக்குள் அதிகாரமும் ரசனையும் உள்ள ஒரு கைம்பெண். அவருடைய சாயலில் செய்யப்பட்டது என்று ஆய்வாளர் சிலர் கருதும் ஒரு படிமம் இன்று வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவரும் ஏதோ ஒரு தலைநகரில் பார்க்கப்படும் பொருளாகிவிட்டார். "ராஜராஜன் காலத்துக் கலை" என்று சுலபமாகச் சொல்லிப் பழகிய நமக்கு, "மாதேவி காலத்துக் கலை" என்று சொல்ல நாக்கு வருவதில்லை.

பெயர் எழுதும் வழக்கமே அன்று இல்லை என்று சொல்ல முடியாது. சோழர் தலைநகரான தஞ்சையின் பெரிய கோயிலில் ஒரு நீண்ட கல்வெட்டு உண்டு. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தலைநகருக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அது ஒவ்வொருவராகக் குறிக்கிறது. பெயர், முன்பிருந்த ஊர், குடியேறிய தெரு, எத்தனையாவது வீடு. இதைப் பெருமையாக மட்டும் சொல்ல மாட்டேன். அரசனின் ஆணையால் ஊர்விட்டு ஊர் நகர்த்தப்பட்ட பெண்கள் அவர்கள். ஆனால் ஆயிரம் வருடங்களுக்கு முன் கல்லில் 400 பெண்களின் பெயரை வெட்ட முடிந்திருக்கிறது. இன்று ஓர் அட்டையில் ஒரு பெண்ணின் உழைப்பைப் பற்றி ஒரு வரி அச்சடிப்பது அதைவிடக் கடினமா?

அட்டை என்பது சின்ன விஷயமல்ல. நாட்டின் தலைநகரான டெல்லியின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் தேடிப் பார்ப்பது மொகஞ்சதாரோவின் வெண்கலச் சிறுமியை. 1926இல் கிடைத்தவள், உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். ஒரு கை இடுப்பில், மறு கை நிறைய வளையல், நிமிர்ந்த தலை. அவளுக்குப் பெயர் நடனமாடும் பெண். அவள் ஆடுகிறாள் என்பதற்கு அந்தச் சிலையில் என்ன இருக்கிறது? உடையில்லாமல், கூசாமல் நிற்கிறாள். கண்டெடுத்தவர்களின் காலத்தில் அப்படி நிற்கும் இந்தியப் பெண் என்றால் ஆட்டக்காரியாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊகம் பெயரானது, பெயர் பாடப்புத்தகத்துக்குப் போனது, இன்று அதுவே உண்மைபோல நிற்கிறது. எனக்கு அவள் வேலை முடித்து, இடுப்பில் கை ஊன்றி, யாரோ சொன்ன சாக்கை நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பெண்போலத் தெரிகிறாள். இதுவும் ஊகம்தான். ஆனால் ஊகம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

அருங்காட்சியகத்திலிருந்து மெரினாவுக்கு வருவோம். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் பத்துச் சிலைகள் வைக்கப்பட்டன. அவற்றில் பெண்கள் இருவர். ஒருவர் ஔவையார், மற்றவள் கண்ணகி. முதுமையடைந்தால் அறிவு சொல்லலாம், கணவனை இழந்தால் கோபப்படலாம் என்பதுபோல இருக்கிறது இந்தத் தேர்வு. நடுவில் இருக்கும் வயதுகளும் வாழ்க்கைகளும் கடற்கரைக்கு வரவில்லை. அதே சாலையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959இலிருந்து நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆண்கள். தசையின் முறுக்கும் பாரத்தின் கனமும் தெரியும் அருமையான வேலை. வேனிலிருந்து இறங்கிய எங்கள் பெரியம்மா ஒருத்தி, ஆயுள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்தவள், அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நாலு ஆம்பளையாளு சரி, சித்தாளு எங்க போனா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிலையைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அது என்று புரிய எனக்குப் பத்து வருடமானது.

கண்ணகியை நாங்கள் அன்று பார்க்கவில்லை. அவள் இடத்தில் இல்லை. 2001 டிசம்பரில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற காரணம் சொல்லி அகற்றப்பட்ட சிலை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்தது. பார்வைக்காக வைக்கப்படவில்லை, ஒதுக்கித்தான் வைத்திருந்தார்கள். 2006 ஜூன் 3ஆம் தேதிதான் மெரினாவுக்குத் திரும்பினாள். நாங்கள் அம்மனுக்குச் சேலை இல்லையே என்று கவலைப்பட்டு நடந்த அதே வளாகத்தில், கையில் சிலம்போடு அவள் இருந்திருக்கிறாள். அகற்றியபோதும் திரும்ப வைத்தபோதும் நடந்த சண்டை கட்சிகளுக்கு இடையிலானது. தமிழ்ப் பெண்ணின் கற்பு என்றும் தமிழின் மானம் என்றும் பேசினார்கள். அரசனைக் கேள்வி கேட்ட ஒருத்தியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்று ஒரு பகுதி உண்டு. தலைநகரைச் சுற்றிப்பார்ப்பதைப் பற்றித் தமிழில் இருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அதில் மதுரையைச் சுற்றிப்பார்ப்பவன் கோவலன். மணிக்கடை, துணிக்கடை, கூலக்கடை, கணிகையர் தெரு எல்லாம் பார்க்கிறான். கண்ணகி கவுந்தியடிகளின் காவலில் ஊருக்கு வெளியே, புறஞ்சேரியில் காத்திருக்கிறாள். அவள் நகரத் தெருக்களைச் சூழ்ந்து வருவது அவன் கொல்லப்பட்ட பிறகுதான். அந்தப் பகுதியின் பெயர் ஊர்சூழ் வரி. அவன் ஊரைக் கண்டான், அவள் ஊரைச் சூழ்ந்தாள். அவன் பார்த்த கடைத்தெருவில் அவள் நியாயம் கேட்டாள். தலைநகரத்தைப் பார்ப்பதற்கு இந்த இரண்டு வழிகளும் நம் மொழியிலேயே இருக்கின்றன.

ஒரு மறுப்பு வரும். கல்லும் உலோகமும்தான் நிலைக்கும், கூடையும் கோலமும் சமையலும் மக்கிப்போகும், கிடைக்காததை அருங்காட்சியகம் எப்படிக் காட்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போன மாணவிகள் தக்களியையும் பானை ஓட்டையும் விளையாட்டுக் காய்களையும் பார்த்திருப்பார்கள். அன்றாடமும் அகழ்ந்தால் கிடைக்கிறது. நூல் நூற்ற விரலும் சோறு வடித்த கையும் அந்தப் பொருள்களில் இருக்கின்றன. தேடுகிறவரின் மனதில் அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கும் பொருளுக்கு எழுதும் அட்டையை மாற்ற அகழாய்வுகூடத் தேவையில்லை.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் போங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் காசில்லை, அதில் ஏறிப் போங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் செய்தது, செய்வித்தது யார்? இதைத் துலக்கியது, சுமந்தது, உடுத்தியது யார்? இந்தப் பெயரை வைத்தது யார்? பதில் அட்டையில் இல்லையென்றால் பார்வையாளர் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி எழுதுங்கள்.

போன வருடம் அம்மாவை மறுபடி மெரினாவுக்கு அழைத்துப் போனேன், வேன் இல்லாமல், பட்டியல் இல்லாமல். கண்ணகியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். யார் என்று சொன்னேன், எங்கே வைத்திருந்தார்கள் என்றும் சொன்னேன். "நாம போன அன்னிக்கு அங்கதான் இருந்தாளா?" என்றாள். ஆமாம் என்றேன். "யாராச்சும் சொல்லியிருந்தா எட்டிப் பாத்துட்டு வந்திருக்கலாமே" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து உழைப்பாளர் சிலைப் பக்கம் கையைக் காட்டி, "சித்தாள இன்னும் வெக்கலியா கண்ணு?" என்று கேட்டாள்.